சந்தா வாங்கறதத் தவிர தொழில் சங்கத்தால என்னதான் ஆகும்? எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்

கேட்டிருந்த கேள்வி இதுதான்: "எங்க ஊர்ல நாப்பது அம்பது பட்டறை இருந்துச்சு, இப்ப ஒவ்வொன்னா மூடறாங்க, இல்லேன்னா வேற ஊர் பாத்துக் கெளம்பறாங்க. தொழில் சங்கம்னு ஒண்ணு இருக்கு, சந்தா வாங்குது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்குது. இவங்களால நெசமாவே ஒரு கம்பெனிய ஊர்லயே நிறுத்தி வளர வைக்க முடியுமா?"

நான் கோயமுத்தூர் பக்கம் ஒரு தொழில் சங்க ஆபீஸ்ல பதினோரு வருஷம் குப்பை கொட்டினவன், அந்த ஸ்வீட் பாக்ஸ அடுக்கி வெச்சதும் நான்தான், அதனால உங்க கோவம் எனக்கு நல்லாவே புரியுது. சங்கத்தால முடியுமான்னா, முடியும்ங்க. ஆனா தனி ஒரு ஆள் காசு குடுத்து வாங்கிக்கக்கூடிய எதையும் சங்கம் செஞ்சு பிரயோஜனம் இல்ல. காசு இருந்தாலும் ஒத்த ஆளால வாங்க முடியாத சிலது இருக்கு பாருங்க, தண்ணி, கழிவு, ஆளுக, டெஸ்டிங், அப்புறம் யார்கிட்ட என்ன இருக்குங்கற தகவல், அங்கதான் சங்கத்துக்கு வேல. அந்த வேலைய நேரத்துல செஞ்ச ஊர் பொழச்சுது, தள்ளிப் போட்ட ஊர் வாங்கிக் கட்டிக்கிச்சு. ரெண்டையுமே ஒரே ஊர்ல பாக்கணும்னா திருப்பூர்தான்.

மொதல்ல ஒரு சின்ன விசயம் சொல்லிட்டு திருப்பூருக்குப் போறேன். எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கும், உறுப்பினருங்க ஆள் தேவை, பட்டறை செட் வாடகைக்குன்னு ஒட்டுவாங்க. ஒரு நாள் ஒரு அண்ணன் வந்தாரு, பம்ப் ஷாஃப்ட் கடையறவரு, ரெண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற லேத்து), மூணு பழைய லேத்து, பதினாலு பேர் வேல பாத்தாங்க. கையில ஒரு பேப்பர், "சிஎன்சி லேத் இரண்டு விலைக்கு உள்ளது"ன்னு எழுதி இருந்துச்சு. "ஏனுங்ணா, புது மெஷின் எறக்கறீங்களா?"ன்னு கேட்டேன். "அட நீங்க வேற தம்பி, குடுத்துட்டு செட்ட குடோனுக்கு விட்டரலாம்னு பாக்கறேன், மாசமானா வாடகை வரும், தூக்கமும் வரும்"னாரு. உக்காருங்கன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தேன். மொத டீல அரசாங்கத்த திட்டினாரு, ரெண்டாவது டீலதான் விசயம் வந்துச்சு. ஓசூர்ல இருக்கற கஸ்டமர் ஒவ்வொரு லாட்டுக்கும் சிஎம்எம், அதாவது கம்ப்யூட்டர் வெச்சு நுணுக்கமா அளக்கற மெஷின், அதுல எடுத்த ரிப்போர்ட் கேக்கறான், வெர்னியர் வெச்சு அளந்து குடுத்தா ஏத்துக்க மாட்டேங்கறான். வெளி லேப்ல குடுத்தா ரெண்டு நாள் க்யூ, சரக்கு லேட்டாச்சுன்னு அந்த மாசத்துல மட்டும் மூணு டெபிட் நோட்டு, அதாவது பில்லுல காசு புடிச்சுட்டான். சொந்தமா சிஎம்எம் வாங்கற அளவுக்கு அவருக்கு தெம்பு இல்ல.

இதுல கூத்து என்னன்னா, அவரு பட்டறைக்கு ரெண்டு தெரு தள்ளி இன்னொரு உறுப்பினர்கிட்ட அந்த மெஷின் இருக்கு, லோன் போட்டு வாங்கினது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல சும்மா கெடக்குது, அவரு ஈஎம்ஐ கட்ட முழிக்கறாரு. ஆனா ரெண்டு பேருக்கும் நாலு வருசமா பேச்சே இல்ல, ஏன்னா ஒருத்தரோட ஆபரேட்டர இன்னொருத்தரு இழுத்துட்டாராம். நான் பைக்க எடுத்துட்டு இங்கயும் அங்கயும் ஒரு வாரம் அலைஞ்சேன், மூணாவது மனுசனா எங்க செயலாளரும் வந்து உக்காந்தாரு, கடைசில மணிக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட் பேசி முடிச்சோம். அந்த விலைக்கு உள்ளதுங்கற பேப்பர் நோட்டீஸ் போர்டுக்குப் போகவே இல்ல. சங்கத்துக்கு ஆன செலவு டீயும் பெட்ரோலும்தான். அடுத்த வருசம் அவரு மூணாவது சிஎன்சி எறக்கினாரு, நான் போய் தேங்கா ஒடச்சேன்.

இத பெருமைக்குச் சொல்லல, அன்னிக்கு அவரு பேப்பர நேரா பியூன்கிட்ட குடுத்து ஒட்டிட்டுப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அமெரிக்காவுல மாவட்ட அளவுல, வட்டார அளவுல இதுக்குன்னே அமைப்புக வெச்சிருக்காங்க, ஆளுங்கள சம்பளத்துக்குப் போட்டு வருசா வருசம் உள்ளூர் கம்பெனிக்கு எல்லாம் நேர்ல போய் என்ன பிரச்சனை, குத்தகை எப்ப முடியுது, விரிவு பண்ற யோசனை இருக்கான்னு கேட்டு எழுதிட்டு வர்றது அவங்களுக்கு ஒரு வேலையே. புதுசா ஒரு கம்பெனிய ஊருக்குக் கூட்டிட்டு வர்றதவிட இருக்கறவன் போகாம பாத்துக்கறது செலவு கம்மிங்கற கணக்கு. நம்ம ஊர்ல யாரும் அப்படி போறதில்ல, ஆனா அறிகுறி எல்லாம் இங்கயும் கண்ணு முன்னாலதான் இருக்கு. ஈபி லோட குறைச்சு எழுதிக் குடுக்கறது, ரெண்டு ஷிப்ட ஒண்ணாக்கறது, மூத்த ஆபரேட்டரு வேற எடத்துல வேல கேக்கறது, பையன் கனடாவுல செட்டிலாயி அப்பாவுக்கு அறுவத்தஞ்சு தாண்டறது. கடைசியா சொன்னதுதான் எங்க பக்கம் ரொம்ப அதிகம், ஆர்டர் இருந்தும் மூடற கம்பெனிக.

சரி, திருப்பூர். 1980கள் நடுவுல அந்த ஊர்ல இருந்து நேரடி ஏற்றுமதி 20 கோடி ரூபா கூட இல்ல, 1990ல 300 கோடி கிட்ட வந்துச்சு, அந்த வருசம்தான் ஏற்றுமதியாளருங்க தனியா திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, ஏ. சக்திவேல்ங்கற ஏற்றுமதியாளர் முன்ன நின்னு. 2024-25ல ஏற்றுமதி 40,000 கோடிய ஒட்டி வந்துடுச்சு, நாட்டோட பின்னலாடை ஏற்றுமதில பாதிக்கு மேல அந்த ஒரே ஊர். இதுல சங்கத்தோட பங்கு எவ்வளவு, அந்த சனங்களோட உழைப்பு எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல யாராலயும் முடியாது, நானும் சொல்லப்போறதில்ல. ஆனா தண்ணி விசயத்த மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க.

சாயம் போடறதுக்கு தண்ணி வேணும், நெறைய வேணும், உப்பில்லாத தண்ணியா வேணும், இல்லேன்னா கலர் ஒரே மாதிரி ஏறாது. திருப்பூர் மழை கம்மியான ஊரு, நிலத்தடி தண்ணியும் கெட்டுப் போச்சு, அதனால சுத்துப்பட்டு தோட்டத்துக் கிணத்துல இருந்து டேங்கர் லாரில வெலைக்கு வாங்கித்தான் பொழப்பு ஓடிச்சு. விவசாயி வெள்ளாம வெக்கறத விட்டுட்டு தண்ணி வித்த காலம் அது. எவ்வளவு பெரிய எக்ஸ்போர்ட்டரா இருந்தாலும் தனியா ஆத்துல இருந்து பைப் போட முடியுங்களா? 1995ல மாநில அரசும், ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்கற நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பவானி ஆத்துல இருந்து அம்பது கிலோமீட்டருக்கு மேல பைப், ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர், செலவு 1,000 கோடிக்கு மேல, 2005வாக்குல தண்ணி வந்துச்சு. குடிதண்ணிக்குத் தனியார் பங்கோட நம்ம நாட்டுல மொதல்ல வந்த பெரிய திட்டம்னு இதத்தான் சொல்லுவாங்க. தண்ணில பாதிக்கு மேல தொழிலுக்கு, மீதி நகராட்சிக்கும் வழில இருக்கற கிராமங்களுக்கும். ஆரம்பத்துல சாயப்பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபா, நகராட்சிக்கு 5 ரூபா. அதாவது பனியன் கம்பெனி குடுக்கற காசுல ஊர்க்காரன் குடிக்கற தண்ணி வெல கொறஞ்சுது. எனக்கு இதுல புடிச்ச விசயமே அதுதான், தொழில்காரன் தனக்குன்னு கேட்டது ஊருக்கும் சேர்ந்து வந்துச்சு, ஊரும் "இவனுகளுக்கு மட்டும் ஏன்"னு கேக்கல.

அது முழுக்க வெற்றியான்னா, அப்படியும் சொல்ல முடியாது. கணக்குப் போட்ட அளவுக்கு பட்டறைங்க தண்ணி எடுக்கல, கம்மி வெலைக்கு கெடைக்கற கிணத்துத் தண்ணிய விட யாருக்கு மனசு வரும், அந்தத் தண்ணிக் கம்பெனி கடன்ல தத்தளிச்சுது. அதுக்கு மேல ஒரு இடியும் வந்துச்சு, அது ஊரே தானா இழுத்துக்கிட்டது.

தண்ணி கொண்டு வந்தவங்க கழிவுத் தண்ணிய என்ன பண்ணாங்கன்னா, நொய்யல் ஆத்துல விட்டாங்க. சாயக்கழிவுல சாயத்தவிட மோசம் உப்பு, காட்டன் துணில கலர் புடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்பு போடுவாங்க, அது சும்மா வடிகட்டினா போகாது. 1992ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் டேம் சாயக்கழிவு தேங்கற குட்டையா ஆயிடுச்சு, கீழ இருக்கற தென்னந்தோப்பும் கிணறும் கெட்டுச்சு. கரூர் வரைக்கும் பாதிச்ச விவசாயிங்க நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் பேர்ல கோர்ட்டுக்குப் போனாங்க. பாருங்க, அதுவும் ஒரு சங்கம்தான், பொழப்பக் காப்பாத்தறதுக்குன்னு அவங்க சேர்ந்தது. 2006ல ஹைகோர்ட் ஒரு சொட்டு கழிவு கூட வெளிய விடக்கூடாதுன்னுச்சு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. பட்டறைக்காரங்க டைம் கேட்டு டைம் கேட்டே ஓட்டினாங்க. 2011 ஜனவரி கடைசில ஹைகோர்ட், போதும், எல்லாத்தையும் மூடு, கரண்ட்ட கட் பண்ணுன்னு ஆர்டர் போட்டுடுச்சு. 700க்கு மேல சாயப்பட்டறை, பல பட்டறைக் கழிவ ஒண்ணா சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் சேர்த்து ஒரே அடியா நின்னுச்சு.

அந்த வருசம் திருப்பூர்ல இருந்தவங்களுக்குத் தெரியும். துணி இருக்கு, ஆர்டர் இருக்கு, சாயம் போட எடமில்ல. நிட்டிங்ல இருந்து வந்த துணிய லாரில ஏத்தி வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பி சாயம் போட்டு திருப்பி கொண்டு வந்தாங்க, போக்குவரத்துச் செலவுலயே லாபம் போச்சு, ஷிப்மென்ட் தேதி தவறிப்போய் ஏர்ல அனுப்பினவங்க வீட்ட அடமானம் வெச்சாங்க. சனிக்கிழமையானா கையில சம்பளம் வாங்கற ஊருங்க அது, பட்டறை ஆளுங்க நெறையப் பேர் சொந்த ஊருக்கே பஸ் ஏறிட்டாங்க. கோர்ட்ட திட்டினவங்களும் இருந்தாங்க. நான் திட்ட மாட்டேன், இருவது வருசம் முன்கூட்டியே தெரிஞ்ச பிரச்சனை அது, உறுப்பினருங்களுக்குக் கசப்பான செலவ வாங்கி வெக்கற தைரியம் எந்த சங்கத்துக்கும் வரல, ஏன்னா தலைவர தேர்ந்தெடுக்கறதே அந்த உறுப்பினருங்கதான்.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் பாடமா எடுத்துக்க வேண்டியது. மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனா 200 கோடி குடுத்துச்சு. உப்புத் தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியாக்கி உப்ப தனியா எடுக்கறதுதான் அதுவரைக்கும் எல்லாரும் நம்பின வழி, அதுக்கு விறகும் கரண்டும் கட்டுபடியாகாம பாதில நின்னுட்டு இருந்துச்சு. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல வேற மாதிரி யோசிச்சாங்க, சாதா உப்புக்குப் பதிலா சோடியம் சல்பேட் போட்டு, ஆர்ஓல மிஞ்சற உப்புத் தண்ணிய முழுசா காய்ச்சாம, சுத்தம் பண்ணி அப்படியே மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பறது. பட்டறைக்காரனுக்கு உப்பு வாங்கற செலவு மிச்சம், நிலையத்துக்கு காய்ச்சற செலவு மிச்சம். அது சரியா வந்ததும் மத்ததுலயும் போட்டாங்க, இப்ப 18 பொது நிலையங்க ஓடுது, தண்ணில 90 சதவீதத்துக்கு மேல திருப்பி எடுக்கறாங்க. இன்னிக்கு துணி வாங்கற ஐரோப்பா பையரு சுற்றுச்சூழல் கணக்கு கேக்கறப்ப திருப்பூர்க்காரன் நெஞ்ச நிமித்தி இதத்தான் காட்டறான். அடி வாங்கி கத்துக்கிட்டது இப்ப விசிட்டிங் கார்டுல போடற அளவுக்கு ஆயிடுச்சு, ஆனா நடுவுல மூடினவங்க மூடினதுதான், அவங்க திரும்பி வரல.

ஆளுங்க விசயத்துக்கு வரேன். திருப்பூர் 1984ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்டிரைக் நடந்த ஊரு, அதனால கூலி பேசறதுன்னா அங்க முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசைல உக்காந்து ஊருக்கே ஒரே ரேட் போடற பழக்கம் உண்டு. மேலோட்டமாப் பாத்தா இது முதலாளிக்குச் செலவு. ஆனா பக்கத்து கம்பெனி ரெண்டு ரூபா கூட்டி ஆள இழுக்கற சண்ட கொஞ்சம் கொறையும், பையருக்கு வெல சொல்றப்ப கூலி இவ்வளவுதான்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். 1997ல ஆரம்பிச்ச நிஃப்ட்-டீ பின்னலாடை காலேஜும் இந்த வகைதான், படிச்சு வர்ற பையன் எந்தக் கம்பெனிக்குப் போவான்னு தெரியாதப்ப எந்த ஒரு கம்பெனியும் தனியா காலேஜ் கட்டாது.

2023 மார்ச்ல வடமாநிலத் தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ ஒண்ணு கெளம்புச்சே, ஞாபகம் இருக்கா? எங்கயோ நடந்த சண்டைய எல்லாம் இங்க நடந்த மாதிரி போட்டிருந்தாங்க. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பசங்க இல்லேன்னா திருப்பூர்ல பாதி தையல் மெஷின் ஓடாது. வீட்ல இருந்து அம்மா போன் பண்ணி அழுதா எந்தப் பையன் இருப்பான்? மாவட்ட நிர்வாகம், போலீசு, தொழில் அமைப்புகன்னு எல்லாரும் எறங்கி ஹிந்தில பேசி, ஹெல்ப்லைன் போட்டு, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே நேர்ல வந்து பசங்ககிட்ட பேசிப் பாத்துட்டுப் போச்சு. ஒரு கம்பெனி ஓனரு தனியா நின்னு "டரோ மத்" (பயப்படாதீங்க)னு சொன்னா யாரு நம்புவா? இந்த மாதிரி நேரத்துல சங்கம்னு ஒரு பேரு, ஒரு ஆபீஸ், கலெக்டரு எடுக்கற ஒரு போன் நம்பர் இருக்கறதோட மதிப்பு தெரியும்.

கோயமுத்தூர் கதை வேற மாதிரி. கொடிசியா 1969ல சின்னத் தொழில்காரங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம். பம்புக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேணும்னா டெஸ்ட் பண்ணணும், சின்ன கம்பெனி ஒவ்வொன்னும் டெஸ்ட் பெட் வெக்க முடியாது, அதுக்குத்தான் சிட்டார்க்னு பொதுவா ஒரு டெஸ்டிங் சென்டர் கொண்டு வந்தாங்க. இன்டெக் கண்காட்சி 1988ல இருந்து நடக்குது, டெல்லி பம்பாய் போக வசதியில்லாத பட்டறைக்காரனும் இங்கயே ஸ்டால் போட்டு ஆர்டர் புடிக்கறான். அப்புறம் பவுண்டரிக. ஒரு காலத்துல ஊருக்கு வெளிய இருந்த பவுண்டரிய சுத்தி வீடுக வந்துடுச்சு, பொகை சத்தம்னு புகார், விரிவு பண்ண எடமில்ல. தொழில் சங்கங்க சேர்ந்து காயிண்டியான்னு ஒரு அமைப்பு வெச்சு அரசூர்லயும் மாணிக்கம்பாளையத்துலயும் பவுண்டரி பார்க் போட்டாங்க. எடம் மட்டும் கெடைக்கலைன்னா இதுல பாதிப்பேரு மாவட்டத்தையே விட்டுப் போயிருப்பாங்க, இல்ல தொழிலையே விட்டிருப்பாங்க.

இப்ப பொது வசதி மையம்னு ஒரு வார்த்தை உங்க காதுல விழுந்திருக்கும், மத்திய அரசோட எம்எஸ்இ-சிடிபிங்கற சிறுதொழில் கூட்டத்துக்கான திட்டம். பல யூனிட் சேர்ந்து தனியா ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும், ஒருத்தர் கையிலயே பெரும்பங்கு இருக்கக் கூடாது, மெஷின் செலவுல பெரும்பகுதி மானியம். கேக்க தேனா இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு மையத்துல, பேரு வேண்டாம், மானியத்துல வந்த அருமையான மெஷினு ரெண்டு வருசம் பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம இருந்துச்சு. ஏன்னா மெஷினுக்கு மானியம் இருக்கு, ஓட்டற ஆளுக்குச் சம்பளம் யாரு குடுக்கறதுன்னு பேசவே இல்ல, கரண்ட் டெபாசிட் யாரு கட்டறதுன்னு சண்ட, அதுக்கு மேல போட்டிக் கம்பெனிக்காரங்க டைரக்டரா இருக்கற எடத்துக்கு என் டிராயிங்க எப்படி அனுப்பறதுன்னு பயம். அந்த பயம் நியாயமானதுதான், டிராயிங் பாத்தா கஸ்டமரு யாருன்னு தெரிஞ்சுரும். அதனால நல்லா ஓடற பொது மையத்துல எல்லாம் உறுப்பினரா இல்லாத ஒரு சம்பள மேனேஜரு இருப்பாரு, வர்ற டிராயிங்ல வேல நம்பரத்தவிர கம்பெனி பேரு எழுத மாட்டாங்க.

மனு குடுக்கறது, மந்திரிய பாக்கறது எல்லாம் வேஸ்டான்னு கேப்பீங்க. வேஸ்ட் இல்ல, ஆனா மெதுவா வேல செய்யும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டுச்சு, அப்ப திருப்பூர் சரக்குல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போயிட்டு இருந்துச்சு. அதே மாசம் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்த நிறுத்தி வெச்சுது, அப்புறம் டிசம்பர் கடைசி வரைக்கும் நீட்டிச்சுது. அந்த வரிய எடுங்கன்னு ஜவுளி சங்கங்க வருசக்கணக்கா கேட்டுட்டே இருந்தது. கதவு தெறக்கற அன்னிக்கு கையில பேப்பர் தயாரா இருந்தவனுக்குத்தான் கெடைக்கும். தமிழ்நாட்டுல கரண்ட் பில்லு நிலைக்கட்டணம், பீக் ஹவர் கட்டணத்துக்காக 2023 செப்டம்பர்ல சின்னத் தொழில்காரங்க ஒரு நாள் மூடினாங்களே, அதுல கேட்டதெல்லாம் கெடைக்கல, கொஞ்சம் கெடச்சுது.

உங்க ஊருக்கு வரேன். நாப்பது அம்பது பட்டறைன்னா பைப்பும் வேண்டாம் பார்க்கும் வேண்டாம், ஒரு நல்ல ஆளு போதும், பைக்குல சுத்தறவரா, வாயக் காப்பாத்தறவரா. யார்கிட்ட என்ன மெஷின், எந்த ஷிப்ட்ல சும்மா இருக்கு, யாரு செட் காலியாகுது, யாருக்கு வாரிசு இல்ல, இத்தன விசயம் ஒரு நாப்பது பக்க நோட்டுல அடங்கிரும். வாரிசு இல்லாத பட்டறைய அங்கயே பத்து வருசமா ஓட்டற போர்மேன் கைக்கு மாத்தி விடறது, பேங்க் மேனேஜர அந்த எடத்துக்கே கூட்டிட்டு வந்து காட்டறதுன்னு சின்ன வேலைங்கதான், எங்க பக்கம் ரெண்டு எடத்துல அப்படி நடந்து ரெண்டும் ஓடுது. நீங்க உறுப்பினரா இருந்தா அடுத்த பொதுக்குழுவுக்குப் போங்க, போனஸ் தீர்மானம், பாராட்டு தீர்மானம் எல்லாம் முடியட்டும், எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: போன வருசம் சந்தா கட்டாம விட்டவங்க எத்தன பேரு, அதுல எத்தன பேரோட பட்டறைக்கு நேர்ல போனீங்க? எங்க சங்கத்துல ஒருத்தரு இத கேட்டப்ப மேடைல இருந்த எங்க யார்கிட்டயும் பதில் இல்ல, எனக்கு பைக் பெட்ரோல் அலவன்ஸ் சாங்ஷன் ஆனதே அந்த வாரம்தான்.